என் மகன் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள்: திடலோரத்து அண்ணன் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணன்களே, தம்பிகளே,

போன ஞாயிறு கால்பந்து ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், கேட்டில் ஆள் வந்து நின்றார். உங்களில் ஒருவர்தான். கையில் ஒரு தாள். பயிற்றுநரை மாற்ற வேண்டும் என்று நம் குழுவின் செயலவைக்கு எழுதிய மனு, கீழே 31 கையெழுத்து. 32-ஆவது வரியைக் காட்டி, "அக்கா, உங்க பையனுக்காகத்தான் இவ்வளவும், நீங்களே போடலன்னா எப்படி?" என்றார். தாளை வாங்கி வைத்துக்கொண்டேன், கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மூலைக் கொடிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து 555 குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருப்பேனே, அந்த அக்காதான். கடைக்கணக்கு பார்க்கிறேன் என்று சிலர் நினைத்திருக்கிறீர்கள். நான் எழுதுவது ஆட்டத்தை. பள்ளிக்கூடத்தில் கிராணி வேலை, எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

பந்து எனக்குப் புதுசு இல்லை. அப்பா கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். சம்பளம் வந்த வாரத்தில் சிலாங்கூர் குழுவின் ஆட்டம் இருந்தால் என்னையும் மெர்டேக்கா அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காவலராக நின்ற காலம். பந்து அந்தப் பக்கத்து கோல் முனையில் இருக்கும், அரங்கமே அங்கே பார்த்துக் கத்தும், அப்பா மட்டும் என் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்புவார். "அங்க பாரு, ஆறுமுகம் என்ன செய்றாரு பாரு" என்பார். பந்து வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே அந்த மனிதர் கோலை விட்டு முன்னால் வந்து, நீளக் கையை ஆட்டித் தற்காப்பு ஆட்களை இடம் மாற்றிக்கொண்டிருப்பார். பந்து வைத்திருக்கிறவனை எல்லாரும் பார்ப்பார்கள், பந்து இல்லாதவன் என்ன செய்கிறான் என்று நீ பார் என்பதுதான் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். 1988-இல் ஆறுமுகம் விபத்தில் போனபோது அப்பா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் என் மகனையும் பார்க்கிறேன். அவன் 11-ஆம் எண், இடப்பக்கத் தாக்குதல். காலில் பந்து கிடைத்துவிட்டால் அவனை நிறுத்துவது கஷ்டம், பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, போன பருவத்தில் 9 கோல் அடித்தவன். ஆனால் பந்து போய்விட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடப்பான். கெப்போங் பையன்களிடம் 3–4 என்று தோற்றோமே, அந்த ஆட்டத்தின் பக்கம் என் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது: 11 பந்தை இழந்தது 14 தடவை, திரும்பி ஓடியது 3 தடவை. அந்த மூன்றும் முதல் 15 நிமிடத்துக்குள்.

மீதி 11 தடவை என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். எதிரணியின் வலப்பக்க ஓட்டக்காரன் வருகிறான், அவனுக்குப் பின்னாலேயே அவர்களுடைய தற்காப்பு ஆளும் ஏறி வருகிறான், நம் 3-ஆம் எண் தனியாக இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறான், ஒருவனைப் பிடிக்கப் போனால் மற்றவன் காலியாக ஓடுகிறான், உதவிக்கு நடுவிலிருந்து 6-ஆம் எண் அந்தப் பக்கம் இழுபட்டுப் போனால் நடுத்திடல் அப்படியே திறந்து கிடக்கிறது. கெப்போங் ஆட்டத்தின் மூன்றாவது கோல் அப்படித்தான் வந்தது. நீங்கள் அப்போது கோல் காவலரைத் திட்டினீர்கள். பாவம், அவன் கண்ணுக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள், அவன் என்ன செய்வான்?

இந்தப் பருவத்தின் முதல் 4 ஆட்டத்தில் 11 கோல் வாங்கினோம். 7 இடப்பக்கத்திலிருந்து வந்தவை. ஜெயித்தது ஒன்றே ஒன்று.

அதற்குப் பிறகுதான் பயிற்றுநர் அமைப்பை மாற்றினார். பின்னால் 5 பேர், நடுவில் 3, முன்னால் 2. ஓரத்தில் இருக்கிற இரண்டு பேர் தாக்கும்போது மேலே போக வேண்டும், பந்து போனால் அதே வேகத்தில் கீழே வர வேண்டும். 80 நிமிடம் இப்படி ஏறி இறங்க மூச்சு வேண்டும், மனசும் வேண்டும். அதனால் 11 பெஞ்சுக்குப் போனான், 23 உள்ளே வந்தான். அதன் பிறகு 4 ஆட்டம்: 0–0, 1–0, 0–1, 1–1. வாங்கிய கோல் 2. அடித்ததும் 2தான், ஒத்துக்கொள்கிறேன். பார்க்க அழகாக இல்லை என்று நீங்கள் சொல்வதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வெயிலில் நிற்கிறவனுக்கு நாலு கோல் பார்க்க ஆசை இருக்காதா? இருக்கும். ஆனால் முதல் 4 ஆட்டத்தில் 3 புள்ளி, அடுத்த 4 ஆட்டத்தில் 5 புள்ளி. இதை வைத்து ஒரு பயிற்றுநரை எப்படி வீட்டுக்கு அனுப்பச் சொல்வது?

"கோட்டை கட்டிக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கான்" என்று போன வாரம் ஒரு அண்ணன் கத்தினார். கோட்டை கட்டத் தெரியாமல் 11 கோல் வாங்கினோம் அண்ணே, முதலில் அதைக் கட்டட்டும்.

இப்போது 23-ஐப் பற்றி. உங்களில் பலருக்கு அவன் யார் என்றே தெரியாது. 17 வயது. கார் கழுவும் கடையில் வேலை, ஞாயிறு மதியம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு நேராகத் திடலுக்கு வருகிறான், விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். போன வாரம் முதல் பாதியில் அவன் ஒரு பந்தைத் தவறவிட்டான், வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். உடனே 20, 30 பேர் சேர்ந்து என் மகன் பெயரைச் சொல்லி "இறக்கு! இறக்கு!" என்று தாளம் போட்டீர்கள். அதற்கு முன்னால் அவன் பந்தை 9 தடவை முன்னால் கொடுத்திருந்தான், அதில் 7 சரியாகப் போய்ச் சேர்ந்தது. கத்திய பிறகு அந்தப் பாதி முடியும் வரை ஒரு தடவைகூட முன்னால் கொடுக்கவில்லை. எல்லாம் பின்னால், பக்கத்தில், பின்னால். நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து, "ஆண்ட்டி, நான் அவ்வளோ மோசமா விளையாடுறேனா?" என்று கேட்டான். யார் பெயரைச் சொல்லி அவனைத் துரத்தினீர்களோ, அந்தப் பையனின் அம்மாவிடம். எனக்கு வாயே வரவில்லை. "இல்லப்பா, நல்லாத்தான் ஓடுற" என்று சொல்லி, பையிலிருந்த மைலோ பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவு தூங்கவில்லை.

என் மகனைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கத்துவது அவனுக்குப் பிடிக்கிறது. அதுதான் எனக்குப் பயம். முதல் வாரம் பெஞ்சில் உட்கார்ந்ததும் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தான், இரண்டாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம் தானாகவே காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடப் போனான், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாவது வாரம் உங்கள் கத்தல் தொடங்கியது, அவன் ஓடப் போவது நின்றது. "அம்மா, திடல்ல எல்லாருமே சொல்றாங்க, கோச்சுக்குத்தான் தெரியல" என்கிறான். 30 பேர் அவன் பக்கம் நிற்கும்போது ஒரு அம்மா சொல்வது எந்த மூலைக்கு?

அவனை உட்கார வைத்து ஓர் ஆட்டம் போட்டுக் காட்டினேன். 2024 ஜனவரி 25, கத்தாரில் ஆசியக் கிண்ணம், தென்கொரியாவோடு நம் மலேசியா 3–3. அதற்கு முன் ஜோர்டானிடம் 0–4, பஹ்ரைனிடம் 0–1 தோற்று ஏற்கெனவே வெளியே போய்விட்ட குழு, கிம் பான் கோன் பயிற்றுநர். 90 நிமிடத்துக்குப் பிறகு கூட்டிக் கொடுத்த நேரத்தின் 15-ஆவது நிமிடத்தில் சமன் செய்த ரோமல் மோராலெஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர். பாரு, பெஞ்சும் ஒரு இடம்தான் என்றேன். பார்த்தான். பதில் சொல்லவில்லை.

சரி, பெரியவர்களுக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு வயது நாற்பதுக்கு மேல். 2010 டிசம்பர் 1 ஞாபகம் இருக்கிறதா? தென்கிழக்காசிய நாடுகள் ஆடும் சுசுகி கோப்பையில் நம் முதல் ஆட்டம், ஜகார்த்தாவில், இந்தோனேசியா 5, நாம் 1. அன்று ராத்திரி செந்தூலில் எந்த மாமாக் கடையில் தே தாரேக் குடித்தாலும் ஒரே பேச்சுதான். தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால் சின்னப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் மானத்தை வாங்கிவிட்டார், அனுபவம் உள்ளவனைப் போட்டிருக்க வேண்டும், நாளைக்கே ஆளை மாற்று. அதே மனிதர்தான் ஒரு வருஷத்துக்கு முன்னால் வியந்தியானில் சீ விளையாட்டு (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) கால்பந்துத் தங்கத்தை 20 வருஷத்துக்குப் பிறகு வாங்கித் தந்தார் என்பது அந்த ராத்திரியில் ஒருவர் வாயிலும் வரவில்லை. நானும் பேசினேன். என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இனி இந்தக் குழுவின் ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன் என்றார்.

அப்புறம் தாய்லாந்தோடு 0–0. லாவோஸை 5–1. அரையிறுதியில் வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2–0, ஹனோயில் போய் 0–0. அந்த ஹனோய் ஆட்டம் அழகாகவா இருந்தது? கிடைத்த இரண்டு கோலைக் காப்பாற்ற வேண்டும், காப்பாற்றினார்கள். இன்று நம் திடலில் அந்த ஆட்டத்தை ஆடினால் நீங்கள் பயிற்றுநரைக் கோட்டை கட்டுகிறவன் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

டிசம்பர் 26, இறுதியாட்டத்தின் முதல் சுற்று. இனி பார்க்க மாட்டேன் என்று சொன்ன மனுஷர்தான் டிக்கெட் வாங்கி வந்தார். செந்தூல் தீமோரில் எல்.ஆர்.டி. ரயில் ஏறினோம், புக்கிட் ஜாலில் வரை மூச்சு விட இடமில்லை, மகனுக்கு அப்போது 3 வயது, அப்பா தோளிலேயே தூங்கிவிட்டான். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் யாரோ லேசர் ஒளியைக் கண்ணில் அடிக்கிறார்கள் என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள், ஆட்டம் சில நிமிடம் நின்றது. (அது கேவலமான வேலை, அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.) திரும்பத் தொடங்கிய பிறகு 61, 68, 73 என்று வரிசையாக மூன்று கோல், சாஃபி சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று. என் மகன் சத்தத்தில் எழுந்து அழுதான், அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டே நானும் அழுதேன். 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் 1–2 என்று தோற்றும் மொத்தத்தில் 4–2, கோப்பை நமக்கு. 5 கோல் வாங்கிய அதே திடலில் போய்க் கோப்பையைத் தூக்கினார்கள்.

முதல் தேதிக்கும் 29-ஆம் தேதிக்கும் நடுவில் 28 நாள். அந்த முதல் வாரத்தில் யாராவது ஒரு தாளோடு என் வீட்டுக் கேட்டுக்கு வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதனால்தான் இந்த முறை பேனாவை எடுக்கவில்லை. இன்று "ராஜகோபால் நம்ம ஆளு" என்று பெருமையாகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அன்று ராத்திரி என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன்.

பயிற்றுநரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேசியப் பயிற்றுநராக இருந்த டோல்லா சாலே 2014-இல் நம்மை இதே கோப்பையின் இறுதியாட்டம் வரை கொண்டுபோனார், 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0–10 தோற்ற பிறகு விலகினார். 10 கோல் வாங்கினால் போகத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. நாம் போகச் சொல்வது 4 ஆட்டத்தில் 2 கோல் வாங்கியவரை.

பயிற்றுநரிடம் எனக்கும் குறை உண்டு, அதையும் மூடி வைக்கப் போவதில்லை. முதல் குறை, பேசுவதே இல்லை. என் மகன் பெஞ்சுக்குப் போகிறான் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த பெயர்ப் பட்டியலில். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. 18 வயசுப் பையன் அந்த நேரத்தில் தனியாக அதைப் பார்த்தால் என்னவெல்லாம் நினைப்பான்? இரண்டாவது, ஆள் மாற்றுவது ரொம்பத் தாமதம். 80 நிமிட ஆட்டத்தில் 75-ஆவது நிமிடத்தில் ஒருவனை இறக்கினால் அவன் வியர்ப்பதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள். மூன்றாவது, முன்னால் நிற்கிற இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற மூன்று பேருக்கும் இடையே ஒரு லாரி போகிற அளவுக்கு இடைவெளி. அதனால்தான் பின்னாலிருந்து பந்தை வானத்தில் தூக்கி அடிக்கிறோம். இரண்டு பேரில் ஒருவர், என் கணக்கில் 9-ஆம் எண், கொஞ்சம் இறங்கி வந்து பந்தை வாங்கினால் கோல் வரும்.

இதையெல்லாம் நான் திடலோரத்தில் நின்று கத்தவில்லை. வியாழக்கிழமை பயிற்சிக்குப் போய் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். காலையிலிருந்து வேன் ஓட்டிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றார். இந்தக் குழுவிலிருந்து அவருக்கு ஒரு வெள்ளி சம்பளம் கிடையாது, கூம்பு வாங்குகிற காசும் அவர் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மண்ணில் செருப்பு நுனியால் கோடு கிழித்து, 9 இறங்கி வந்தால் எதிரணியின் நடுத் தற்காப்பு ஆள் அவனோடு வருவானா, மாட்டானா என்று என்னிடமே கேட்டார். வருவான் என்றேன். அப்போ பின்னால் இடம் திறக்கும், அந்த இடத்துக்கு ஓட ஆள் வேண்டும், "அதுக்கு உங்க பையன்தான் சரி அக்கா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "பந்து போனா திரும்பி ஓடி வரட்டும், அடுத்த ஞாயிறே இறக்குறேன். இத அவன்கிட்ட நானே சொல்லியிருக்கணும், தப்புதான்" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுப் பேசியும்விட்டார். மகன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவனுடைய காலணி இரண்டு நாளாக வாசலில் ஈரமாகக் கிடக்கிறது.

அந்த வியாழக்கிழமை பயிற்சியைப் பார்க்க வந்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து 2 பேர். மனுவில் கையெழுத்து 31.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். என் மகன் பெயரைச் சொல்லிக் கத்துவதை நிறுத்துங்கள். 23 தவறு செய்தால் திட்டாமல் இருக்க முடியவில்லை என்றால் எச்சிலை விழுங்கிக்கொண்டு இரண்டு நிமிடம் பொறுங்கள், அவன் திரும்பி ஓடுவதைப் பாருங்கள். அமைப்பு பிடிக்கவில்லையா, யாரை எந்த இடத்தில் போட வேண்டும் என்று கருத்து இருக்கிறதா, வியாழக்கிழமை 6 மணிக்கு மேல் அவர் திடலில்தான் இருப்பார், போய்க் கேளுங்கள், கோடு கிழித்துக் காட்டுவார். அப்படிக் கேட்டும் சரியான பதில் வரவில்லை என்றால் அப்போது தாளை எடுத்து வாருங்கள், நானே முதல் ஆளாகப் போடுகிறேன்.

மனுவைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், 32-ஆவது வரி காலியாகவே இருக்கும். வருகிற ஞாயிறு 5 மணிக்கு ஆட்டம், மழை வந்தாலும் குடையோடு அதே மூலைக் கொடிப் பக்கம் இருப்பேன். புது 555 புத்தகம் வாங்கிவிட்டேன், முதல் பக்கத்தில் 11, எதிர்ப் பக்கத்தில் 23. ஒரே ஆள் இரண்டு பக்கமும் எண்ணுவது சிரமமாக இருக்கிறது. உங்களில் யாராவது நாற்காலி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் நான் இடப்பக்கத்தைப் பார்க்கிறேன், நீங்கள் வலப்பக்கத்தை எண்ணுங்கள்.

இப்படிக்கு,
11-ஆம் எண்ணின் அம்மா,
செந்தூல்